மூக்கின் மேல் இரண்டு முப்பட்டகங்கள்

ஒரு கைக்கடிகார இயந்திரம் ‘குரோனோமீட்டர்’ என்ற பட்டத்தைத் தாங்க வேண்டுமானால் அது 15 நாள் சோதனைச்சாலையில் கிடக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் அதிகாரபூர்வச் சோதனை அமைப்பான கோஸ்க் 1973இல் தொடங்கப்பட்டது. அதன் கூடங்களில் ஒன்று பீல் நகரில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு இயந்திரத்தையும் ஐந்து விதமாகக் கிடத்தியும் நிறுத்தியும், 8, 23, 38 பாகை செல்சியஸ் என்று மூன்று வெப்பநிலைகளில் வைத்தும் பார்ப்பார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடிக்கு மேல் பிந்தக்கூடாது, 6 விநாடிக்கு மேல் முந்தக்கூடாது. முகம் மேலே பார்க்க வைத்தால் ஒரு வேகம், பக்கவாட்டில் நிறுத்தினால் இன்னொரு வேகம். ஆகவே ‘இந்தக் கடிகாரம் 3 விநாடி பிந்துகிறது’ என்று யாராவது சொன்னால், பீல்காரர் உடனே கேட்பது ‘எந்த நிலையில்?’ என்றுதான்.

இந்த ஊரில் ஒமேகாவின் தலைமையகம் இருக்கிறது, ஸ்வாட்ச் குழுமத்தின் தலைமையகம் இருக்கிறது, ரோலெக்ஸின் இயந்திரங்கள் தயாராகும் ஆலை இருக்கிறது. ஜெர்மனும் பிரெஞ்சும் புழங்கும் இந்த ஏரிக்கரை ஊரில் சில்லறைத் தூரங்களை அளப்பது பெரும் பிழைப்பு. அந்தச் சில்லறைத் தூரங்களைப் பார்க்கும் கண்களுக்கு நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு உதவி வேண்டியிருக்கிறது. உதவியாக வரும் கண்ணாடியை அளக்கும்போது மட்டும், நம்மூரிலும் சரி, வெளியூரிலும் சரி, ‘எந்த இடத்தில்?’ என்ற கேள்வி அடிக்கடி விட்டுப்போகிறது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகுகிறது; கிட்டத்தில் இருப்பதைக் குவிக்க வளைய மறுக்கிறது. தூரத்துக்கு ஒரு பவர், படிக்க அதைவிடக் கூடுதலாக ஒரு பவர் தேவைப்படுகிறது. இந்தக் கூடுதலைத்தான் கண்ணாடிக் கடையில் ‘ஆட்’ என்கிறார்கள். நம் தாத்தாக்கள் அணிந்த பைஃபோகலில் அது கீழே அரைவட்டக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை நீக்கி, மேலிருந்து கீழாகப் பவர் மெல்லக் கூடிக்கொண்டே வரும்படி ஒரே பரப்பாகச் செய்ததுதான் புரோகிரசிவ் லென்ஸ். பெர்னார்ட் மெத்தனாஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வடிவமைத்த வாரிலுக்ஸ் 1959இல் கடைக்கு வந்தது. பரவலாக விற்ற முதல் புரோகிரசிவ் அதுதான்.

இனி பிரிசம். பள்ளியில் வெள்ளொளியை ஏழு நிறமாகப் பிரித்துக் காட்டிய அதே முப்பட்டகம். நிறத்தை இங்கே மறந்துவிடலாம். ஒளிக்கதிரை அது வளைப்பதுதான் நமக்கு வேண்டும். கதிர் பிரிசத்தின் தடித்த பக்கமாக, அதாவது அடிப்பக்கமாக வளையும். பார்ப்பவருக்கோ பொருள் நுனிப்பக்கமாக நகர்ந்ததுபோல் தெரியும். அடிப்பக்கம் கீழே இருந்தால் உலகம் சற்று மேலே தூக்கிக் காட்டப்படும். எவ்வளவு தூக்கும் என்பதற்கு ஓர் அளவை வேண்டுமல்லவா? 1890இல் நியூயார்க்கில் கண்ணாடி விற்றுக்கொண்டிருந்த சார்லஸ் பிரென்டிஸ் ஒன்றைச் சொன்னார்: ஒரு மீட்டர் தொலைவில் ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் அது 1 பிரிசம் டயாப்டர். கோணக் கணக்கில் அரைப் பாகைக்குச் சற்று அதிகம். (கண்ணைச் சோதிக்க 3 டாலர் வாங்கினார் என்று ஒரு கண் மருத்துவர் அவர்மேல் குற்றம் சாட்டியதும், அந்தச் சண்டை நியூயார்க் மாநிலத்தில் ஆப்டோமெட்ரி தனித்தொழிலாகச் சட்ட அங்கீகாரம் பெறுவதில் போய் முடிந்ததும் வேறு கதை. நல்ல கதைதான், ஆனால் இங்கே இடமில்லை.)

பிரென்டிஸ் விட்டுச்சென்ற இன்னொன்று ஒரு வரிச் சூத்திரம். சாதாரண லென்ஸும் அடுக்கடுக்கான பிரிசங்கள்தான். அதன் ஒளிமையத்தில் பிரிசம் பூச்சியம். மையத்தை விட்டு எத்தனை சென்டிமீட்டர் விலகுகிறோமோ அதை லென்ஸின் பவரால் பெருக்கினால் அந்த இடத்துப் பிரிசம் கிடைத்துவிடும். +2.50 பவர் லென்ஸில் மையத்துக்கு 12 மில்லிமீட்டர் கீழே பார்க்கிறீர்களா? 1.2 பெருக்கல் 2.5, ஆக 3 பிரிசம் டயாப்டர். கண்ணாடி போட்ட ஒவ்வொருவரும் நாள் முழுக்க பிரிசங்களின் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவில், ஒரே திசையில் இருக்கும்வரை மூளைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வலது கண்ணின் படம் ஒரு உயரத்திலும் இடது கண்ணின் படம் இன்னொரு உயரத்திலும் வந்தால்தான் தொல்லை. பக்கவாட்டு வேறுபாட்டைக் கண்கள் ஓரளவு தாராளமாகச் சமாளிக்கும். உள்நோக்கித் திரும்புவது அவற்றின் அன்றாட வேலை. ஒரு கண் மேலேயும் மறு கண் கீழேயும் போவது அவற்றின் பழக்கத்தில் இல்லாதது. செங்குத்தாக 1 பிரிசம் டயாப்டர் வேறுபட்டாலே பலருக்குத் தலைவலி. கூடினால் எழுத்து இரண்டாகத் தெரியும்.

பைஃபோகலை அணிந்தவர் படியில் தடுமாறுவதற்கும் பிரிசம் ஒரு காரணம். கீழ்ப்பகுதி வட்ட வில்லையின் விளிம்பிலிருந்து அதன் மையம் 11 மில்லிமீட்டர் தள்ளி இருந்து, ஆட் 2.00 ஆகவும் இருந்தால், பார்வை அந்தக் கோட்டைத் தாண்டும் கணத்தில் 2.2 பிரிசம் டயாப்டர் குபீரென்று முளைக்கிறது. படம் ஒரு துள்ளு துள்ளும். புரோகிரசிவ் அந்தத் துள்ளலைச் சிறுகச் சிறுகப் பரப்பிக் கரைத்துவிடுகிறது. பிரிசம் போய்விடவில்லை.

போகவில்லை என்பது மட்டுமல்ல, தொழிற்சாலையே வேண்டுமென்று கொஞ்சம் சேர்த்துவிடுகிறது. இதைக் கேட்டால் வாடிக்கையாளர்கள் பலர் திடுக்கிடுவார்கள். புரோகிரசிவ் லென்ஸில் கீழே போகப்போக வளைவு கூடுகிறது. அதனால் கீழ்விளிம்பு மெலிந்துகொண்டே போகும். கீழ்விளிம்பு கத்திமுனையாகிவிடாமல் இருக்க ஒட்டுமொத்த லென்ஸையும் தடிமனாக்க வேண்டிவரும். மேல்விளிம்போ வீணாகப் பருத்து நிற்கும். இதற்குப் பரிகாரமாக, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு பிரிசத்தை லென்ஸ் முழுவதற்கும் சேர்த்துக் கடைகிறார்கள். மேலே இருந்த கனம் குறைந்து, மொத்த லென்ஸும் மெல்லியதாகவும் எடை குறைந்ததாகவும் வரும். எவ்வளவு சேர்ப்பது? பொதுவழக்கு, ஆட் அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஆட் 2.25 என்றால் 1.5 பிரிசம் டயாப்டர். இரண்டு லென்ஸிலும் ஒரே அளவு, ஒரே திசை. உலகம் முழுவதும் ஒரு பாகைக்கும் குறைவாக மேலே நகரும். இரண்டு கண்ணும் சேர்ந்து அந்தச் சிறு அளவு மேலே திரும்பிக்கொள்ளும். அணிந்தவருக்குத் தெரியவே தெரியாது.

பீலில் ஒரு கடைக்கு வருவோம். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து சுவிஸுக்கு வந்து சேர்ந்த இளைஞர்கள் இன்று அறுபதை ஒட்டியவர்கள். உணவகச் சமையலறையிலும் மருத்துவமனையிலும் ஆலையிலும் உழைத்த ஒரு தலைமுறையே ஒன்றாகப் புரோகிரசிவ் வயதுக்கு வந்திருக்கிறது. அவர்களில் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வலது கண் +1.00, இடது கண் +2.50, ஆட் 2.25. புதுக் கண்ணாடி வாங்கிப் பத்து நாள். கடையில் வேலை செய்யும் தமிழ்ப் பையனிடம் சொல்கிறார்: “தம்பி, தூரம் நல்லாத்தான் தெரியுது. பேப்பர் வாசிக்கேக்க எழுத்து மேல கீழ ஆடுது, தலையும் இடிக்குது. பழைய கண்ணாடியில இந்தக் கரைச்சல் இருக்கேல்ல.” தம்பி, “அண்ணை, ஒருக்கா அளந்து பாப்பம்” என்று வாங்கிக்கொள்கிறான்.

எங்கே அளப்பது? புரோகிரசிவ் லென்ஸ் புதிதாக வரும்போது அதன்மேல் மஞ்சளோ வெள்ளையோ மையில் குறிகள் அச்சாகியிருக்கும். கண்ணாடியைக் கொடுக்கும்போது அவற்றைத் துடைத்துவிடுவார்கள். துடைத்தாலும் போகாத இரண்டு குறிகள் லென்ஸில் நுண்ணிய செதுக்கலாக இருக்கின்றன. கண்ணாடியை விளக்குக்கும் இருண்ட பின்னணிக்கும் இடையே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால், மூச்சுக்காற்றின் ஆவிபோல ஒரு சிறு வட்டமோ நிறுவனத்தின் சின்னமோ கண்ணில் படும். இரண்டுக்கும் இடையே சரியாக 34 மில்லிமீட்டர். காதுப்பக்கக் குறியின் கீழே ஆட் அளவு செதுக்கப்பட்டிருக்கும். பேனாவால் இரண்டிலும் புள்ளி வைத்து, தயாரிப்பாளர் தந்த அட்டையில் பொருத்தினால் மற்ற இடங்கள் தாமாக வந்து விழும். இரண்டு குறிகளுக்கும் நட்டநடுவில், 17 மில்லிமீட்டரில் இருப்பதுதான் பிரிசத்தை அளக்கும் புள்ளி. அதற்குச் சில மில்லிமீட்டர் மேலே, கண்மணிக்கு நேராக வரவேண்டிய சிலுவைக் குறி. அதற்கும் மேலே தூரப் பவரை அளக்கும் வட்டம். கீழே, மூக்கை நோக்கிச் சற்று ஒதுங்கி, படிக்கும் பவரின் வட்டம். ஒரே லென்ஸில் நான்கு விஷயங்களுக்கு நான்கு இடங்கள். அந்த அட்டை இல்லாமல், லென்ஸை அளக்கும் கருவியான லென்சோமீட்டரில் வைத்து ‘எங்கே படம் தெளிகிறதோ அங்கே அளந்தேன்’ என்பவருடைய எண்ணுக்கு விலாசம் கிடையாது.

லென்சோமீட்டருக்குள் பார்த்தால் ஒளிரும் கோடுகளாலான ஒரு சிலுவை தெரியும். அதன் பின்னணியில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். பொதுவாக ஒரு வட்டத்துக்கு 1 பிரிசம் டயாப்டர். சிலுவை நடுவை விட்டு எத்தனை வட்டம் தள்ளி நிற்கிறதோ அவ்வளவு பிரிசம். எந்தத் திசையில் தள்ளி நிற்கிறதோ அதுவே அடிப்பக்கத்தின் திசை. பிரிசப் புள்ளியில் படம் பெரும்பாலும் கூர்மையாக இருக்காது, ஏனென்றால் பவர் மாறத் தொடங்கும் இடம் அது. பழகாதவர் உடனே தெளிவைத் தேடி லென்ஸை நகர்த்துவார். நகர்த்தக் கூடாது. மங்கலான சிலுவையின் நடுவைக் குத்துமதிப்பாகக் கண்டு படிக்க வேண்டும். அந்தக் குத்துமதிப்புக்குக் கால் பிரிசம் டயாப்டர் அளவுக்குப் பிழை வரலாம். பரவாயில்லை.

தம்பி அளக்கிறான். வலது: அடிப்பக்கம் கீழே, 1.5. இடது: அடிப்பக்கம் கீழே, 1.5. ஒரு லென்ஸை மட்டும் அளந்து ‘டாக்டர் பிரிசம் எழுதாதபோது இதில் பிரிசம் வந்திருக்கிறது’ என்று திருப்பி அனுப்பியிருந்தால், குற்றமற்ற ஒரு லென்ஸ் குப்பைக்குப் போயிருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்க வேண்டும். கழித்தால் பூச்சியம். மெலிதாக்குவதற்காகச் சேர்த்த பிரிசம் அதன் பாட்டில் அமைதியாக இருக்கிறது. மருத்துவர் பிரிசம் எழுதியிருந்தாலும் கணக்கு இதேதான்: இரட்டைப் பார்வைக்காக வலதில் கீழே 1, இடதில் மேலே 1 என்று எழுதியிருந்தால், கருவி வலதில் கீழே 2.5 என்றும் இடதில் கீழே 0.5 என்றும் காட்டும். எழுதியதற்கும் காட்டுவதற்கும் ஒட்டே இல்லாததுபோல் தோன்றும். கழித்தால் 2. சரி.

அடுத்தது பொருத்தியதில் பிழையா என்று பார்ப்பது. லென்ஸ் சரியாகக் கடையப்பட்டிருந்தும் பிரேமில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் உட்கார்ந்திருக்கலாம். இதைப் பிடிக்க, பவர் அதிகமான லென்ஸின் பிரிசப் புள்ளியைக் கருவியில் நிறுத்தி, கருவியின் மேசை உயரத்தை மாற்றாமல் பிரேமைப் பக்கவாட்டில் தள்ளி மற்ற லென்ஸை அளப்பார்கள். +2.50 லென்ஸ் 2 மில்லிமீட்டர் உயர்ந்து உட்கார்ந்தால் அரைப் பிரிசம் டயாப்டர் வேறுபாடு வந்துவிடும். இந்தச் சோதனையை நான் முழுதாக நம்புவதில்லை. மனித முகம் பீல் கடிகாரத்தின் முகமல்ல. ஒரு கண்மணி மற்றதைவிட 2 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பவர்கள் நிறையப் பேர். நல்ல கடைக்காரர் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி உயரம் அளந்து, லென்ஸ்களை வேண்டுமென்றே ஏற்ற இறக்கமாகப் பொருத்தியிருப்பார். மேசையில் பிழையாகத் தெரிவது முகத்தில் சரியாக இருக்கும். சிலுவைக் குறியை லென்ஸில் மீண்டும் வரைந்து, அணிவித்து, எதிரே உட்கார்ந்து கண்ணுக்குக் கண் பார்ப்பதைவிட நல்ல சோதனை இதற்கு இல்லை.

அண்ணைக்கு அணிவித்துப் பார்த்தாயிற்று. சிலுவைகள் கண்மணிகளின் மேலேயே விழுகின்றன. ஆக, கடைந்ததில் பிழையில்லை, பொருத்தியதில் பிழையில்லை, பவரும் எழுதியபடியே இருக்கிறது. எழுத்து மட்டும் ஆடுகிறது.

பிரென்டிஸின் சூத்திரத்தை இப்போது கீழ்ப்பகுதிக்குப் போடுங்கள். படிக்கும்போது அவர் பார்வை பிரிசப் புள்ளிக்கு 12 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. அங்கே வலது லென்ஸின் தூரப் பவரால் வரும் பிரிசம் 1.2, இடது லென்ஸால் வருவது 3. ஆட் இரண்டு கண்ணுக்கும் ஒன்றே என்பதால் அதன் பங்கு கழிந்துபோகும். மிச்சம் 1.8 பிரிசம் டயாப்டர், அதுவும் செங்குத்தாக. 40 சென்டிமீட்டரில் பிடித்த செய்தித்தாளில் இது 7 மில்லிமீட்டருக்குச் சமம். இடது கண்ணின் பக்கம் வலது கண்ணின் பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு வரி கீழே கிடக்கிறது. இரண்டையும் இழுத்து ஒன்றாக்கக் கண்தசைகள் மல்லுக்கட்டுகின்றன. இந்த 1.8ஐ எந்தத் தொழிற்சாலையும் போடவில்லை. அது இரண்டு கண்களின் பவர் வேறுபாட்டிலேயே இருந்தது.

பழைய கண்ணாடியில் ஏன் இல்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. படிப்பதற்கென்று தனியாக வைத்திருந்த ஒற்றைப் பவர் கண்ணாடியில் அவர் தலையைக் குனிந்து, லென்ஸின் நடுவழியாகவே படித்தார். நடுவில் பிரிசம் இல்லை. தெரியாமலேயே கண்டுபிடித்து வைத்திருந்த அந்தத் தப்பும் வழியைப் புரோகிரசிவ் அடைத்துவிட்டது; இதில் தலையை நிமிர்த்திக் கண்ணைத் தாழ்த்தினால்தான் படிக்கும் பவர் கிடைக்கும். இரு கண்களின் பவர் இப்படி விலகி இருப்பவர்களுக்குப் புரோகிரசிவ் விற்கும் முன் இந்த ஒரு பெருக்கலைத் துண்டுச்சீட்டிலாவது போட்டுப் பார்க்கலாம். பத்து விநாடி ஆகாது. போடுபவர்கள் குறைவு என்பது என் அனுபவம்.

வழிகள் உண்டு. பவர் மாறும் பாதை குட்டையாக உள்ள வடிவத்தில் படிக்கும் பகுதி மேலே ஏறி வரும். 12 மில்லிமீட்டர் 9 ஆனால் 1.8 என்பது 1.35 ஆகக் குறையும். ஒரு லென்ஸின் கீழ்ப்பாதியில் மட்டும் எதிர்ப் பிரிசத்தைக் கடைந்து எடுக்கும் ‘ஸ்லாப் ஆஃப்’ என்ற பழைய வித்தை இருக்கிறது; நடுவே மெல்லிய கோடு தெரியும், பலர் அழகைக் கருதி மறுப்பார்கள். கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு சேர்ந்து நகர்வதால் அதில் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. படிக்கத் தனிக் கண்ணாடி என்ற பழைய ஏற்பாட்டுக்கே திரும்பிவிடுவதும் வெட்கப்பட வேண்டிய தீர்வல்ல.

அண்ணை கடிகார ஆலையில் வேலை செய்பவரானால் சிக்கல் இன்னொரு சுற்று சுற்றும். கடிகாரக்காரரின் மேசை சாதாரண மேசையைவிட உயரம். முழங்கைகள் தாங்கலில் இருக்க, வேலை ஏறக்குறைய மார்பு உயரத்தில் நடக்கும். பார்வை கீழே இறங்குவதே இல்லை. புரோகிரசிவில் படிக்கும் பவர் இருப்பதோ அடியில். மோவாயைத் தூக்கிக் கழுத்தை ஒடித்துக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார முடியாது. அந்த மேசைக்கு அந்தத் தூரத்துக்கே அளந்த வேலைக் கண்ணாடிதான் சரி. சுவிஸில் கண்ணாடிக் கடைக்காரர் ‘என்ன வேலை செய்கிறீர்கள், மேசை எவ்வளவு உயரம்?’ என்று கேட்பதை நீங்கள் எதிர்பார்க்கலாம்.

நம்மூரில் இதைவிட அடிக்கடி நேர்வது வேறொன்று. கண்ணாடி கீழே விழுந்து ஒரு பக்கம் உடைகிறது. ‘ஒரு லென்ஸ்தானே, அது மட்டும் மாத்திக் குடுங்க’ என்கிறோம். புது லென்ஸ் வேறு ஆய்வகத்திலிருந்து வருகிறது. பவர் சரி, அச்சு சரி, ஆட் சரி. ஆனால் பழைய லென்ஸில் மெலிதாக்கப் போட்ட 1.5 பிரிசம் இருக்கிறது; புதியதில் அது இல்லை, அல்லது வேறு அளவில் இருக்கிறது. இரண்டு லென்ஸிலும் சமமாக இருந்தவரை தெரியாமலிருந்த ஒன்று, ஒரு பக்கம் மட்டும் போனதும் முழுசாக வெளிப்படுகிறது. 1.5 பிரிசம் டயாப்டர் செங்குத்து வேறுபாடு, தூரம் கிட்டம் என்ற பேதமில்லாமல் நாள் முழுக்க. வாடிக்கையாளர் ‘பழக வேண்டும்’ என்று சொல்லி அனுப்பப்படுவார். பழகாது.

புரோகிரசிவ் வாங்கும்போது லென்ஸ் வந்த காகித உறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மருத்துவர் எழுதிய பவரோடு இன்னொரு வரிசை எண்களும் சில சமயம் இருக்கும். முகத்தில் லென்ஸ் சாய்ந்து நிற்பதைக் கணக்கில் எடுத்துத் திருத்திய, லென்சோமீட்டரில் தெரிய வேண்டிய எண்கள் அவை. பல நிறுவனங்கள் மெலிதாக்கும் பிரிசத்தையும் அங்கேயே அச்சிடுகின்றன. உறை தொலைந்திருந்தால், உடையாத லென்ஸில் அந்த இரண்டு செதுக்கல்களைத் தேடி, நடுப்புள்ளியில் வைத்துப் படித்து, கிடைத்த அளவையும் திசையையும் புது லென்ஸுக்கான ஆர்டரிலேயே எழுதச் சொல்லலாம்.